நார்வே மக்கள் அளித்த தீர்ப்பு

வரலாற்று வகுப்பில் ஒருநாள் நான் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினேன். ஒன்று 3,68,208, மற்றொன்று 184. மாணவர்கள் ஒன்றும் விளங்காமல் என்னை நோக்கினார்கள். "1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள் நார்வே நாட்டில் பொதுமக்கள் வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. ஸ்வீடனோடு இருந்த இணைப்பு முறிந்ததை ஏற்கின்றீர்களா என்பதே கேள்வி. 'ஆம்' என்றவர் தொகை முதல் எண், 'இல்லை' என்றவர் தொகை இரண்டாம் எண்" என்றேன். வகுப்பில் வியப்பொலி எழுந்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ஒரு நாட்டில் இத்தனை பேரும் ஒரே கருத்துடையவராக இருக்க முடியுமா? அச்சத்தினால் அளித்த வாக்காக அது இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி அது. 'முடியும்' என்று சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம்; ஆனால் அது விடையாகாது. எல்லாரும் 'ஆம்' என்று சொன்ன தேர்தல்கள் பலவற்றை உலகம் கண்டிருக்கிறது; அவற்றுள் பல, சொல்ல வைத்த 'ஆம்' என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே நார்வே மக்களின் 'ஆம்' எத்தகையது, அது எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்ந்து பார்த்தே விடை கூற வேண்டும். அந்த ஆராய்ச்சியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நார்வே, ஐரோப்பாவின் வடகோடியில் மலையும் கடலும் சூழ்ந்த நாடு. பல நூற்றாண்டுகள் டென்மார்க்கு மன்னரின் ஆட்சியில் இருந்தது. நெப்போலியன் போர்களில் டென்மார்க்கு தோற்ற பக்கத்தில் நின்றது. அதன் விளைவாக 1814 ஜனவரியில் கீல் நகரத்தில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி நார்வே, ஸ்வீடன் மன்னருக்குக் கைமாறியது. நார்வே மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் வாளா இருக்கவுமில்லை. ஐட்ஸ்வோல் என்னும் ஊரில் பிரதிநிதிகள் கூடித் தங்கள் நாட்டுக்கென ஓர் அரசியல் சட்டத்தை வகுத்து, அவ்வாண்டு மே மாதம் 17-ஆம் நாள் நிறைவேற்றினார்கள். சிறு போர் ஒன்று மூண்டது. ஸ்வீடனின் வலிமைக்கு முன் நார்வே பணிய நேர்ந்தது. ஆயினும் அது முற்றும் இழந்துவிடவில்லை. அரசியல் சட்டமும், ஸ்டோர்ட்டிங் எனப்படும் பார்லிமெண்டும் நார்வேக்கே உரியனவாக நின்றன. இரு நாடுகளுக்கும் மன்னர் ஒருவர். வெளிநாட்டு விவகாரம் ஸ்வீடன் மந்திரியின் கையில். இதுவே 1814 நவம்பரில் ஏற்பட்ட இணைப்பின் வடிவம்.

இந்த ஏற்பாடு தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் நார்வே வளர்ந்துவிட்டது. அதன் வணிகக் கப்பல்கள் உலகின் துறைமுகங்கள் பலவற்றில் நங்கூரம் பாய்ச்சின. வணிகக் கப்பல் தொகையில் அது உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாயிற்று. அயல்நாட்டுத் துறைமுகத்தில் ஒரு நார்வே மாலுமிக்கு இன்னல் நேர்ந்தால் அவன் யாரிடம் செல்வது? அங்கே இருந்த வாணிபத் தூதர், ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் பொதுவானவர். வெளிநாட்டு விவகாரத்தில் கடைசிச் சொல்லோ ஸ்வீடன் மந்திரியுடையது. 'எங்கள் கப்பல்களுக்கு எங்கள் தூதர் வேண்டும்' என்பது நார்வேயின் கோரிக்கை. கேட்பதற்கு இது சிறிய விஷயம். அலுவலகச் சிக்கல் என்றுகூடத் தோன்றும். ஆனால் மீன் பிடிப்பவனும், கப்பலில் கூலி வேலை செய்பவனும், கப்பலுக்குச் சொந்தக்காரனும் ஒருங்கே உணரக்கூடிய குறை அது. 'இறைமை' என்ற சொல்லின் பொருளைப் பாமரனுக்கு விளக்குவது கடினம். 'உன் மகன் அயல்நாட்டுத் துறைமுகத்தில் நோயுற்றுக் கிடந்தால் அவனுக்கு யார் துணை?' என்றால் எவருக்கும் விளங்கும்.

1905-ஆம் ஆண்டில் ஸ்டோர்ட்டிங், தனி வாணிபத் தூதர் அமைப்புக்கான சட்டத்தை நிறைவேற்றியது. மன்னர் இரண்டாம் ஆஸ்கார் மே 27-ஆம் நாள் ஒப்புதல் தர மறுத்தார். மந்திரி சபை பதவி விலகியது. வேறு மந்திரி சபை அமைக்கத் தமக்கு அப்போது இயலாதென்று கூறி, மன்னர் அந்த விலகலையும் ஏற்கவில்லை. ஜூன் 7-ஆம் நாள் ஸ்டோர்ட்டிங் கூடியது. மன்னர் தமக்கென ஒரு மந்திரி சபையை அமைக்க இயலாதவராகிவிட்டார். ஆகவே அவரது அரசதிகாரம் செயலற்றுப் போயிற்று. அதனால் ஒரே மன்னரின் கீழ் இருந்த இணைப்பும் முடிவுற்றது என்ற கருத்தில் ஒருமனதாகத் தீர்மானம் செய்தது. இலக்கணம் பயிலும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒரு நாட்டின் விடுதலை அந்தத் தீர்மானத்தில் முதன்மை வாக்கியமாக வரவில்லை, சார்பு வாக்கியமாக வந்தது! முழக்கமில்லை, வசைமொழியில்லை. சட்டத்தின் தர்க்கத்தால் தானே விளைந்த முடிவுபோல அது சொல்லப்பட்டது.

இதைச் செய்தவர் பிரதம மந்திரி கிறிஸ்டியன் மிக்கெல்சன். பெர்கன் நகரத்து வழக்கறிஞர், கப்பல் உரிமையாளருமாவார். அவர் மந்திரி சபையில் வலதுசாரிகளும் இருந்தார்கள், தாராளக் கட்சியினரும் இருந்தார்கள். மன்னராட்சி வேண்டுவோரும் குடியரசு வேண்டுவோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். பிரிந்த பின் நாடு முடியரசாகுமா, குடியரசாகுமா என்ற கேள்வியை அவர்கள் அப்போது முடிவு செய்யவில்லை. மாறாக, ஸ்வீடன் அரச குடும்பத்திலிருந்தே ஓர் இளவரசரை நார்வேயின் மன்னராகத் தருமாறு ஸ்டோர்ட்டிங் கேட்டுக்கொண்டது. எங்கள் மறுப்பு இணைப்பைப் பற்றியதே. ஸ்வீடன் மக்கள்மீதோ அரச குடும்பத்தின்மீதோ பகையில்லை என்பதை உலகுக்கு உணர்த்திய செயல் அது.

ஸ்வீடனில் சினம் பொங்கியது. இது சில அரசியல்வாதிகளின் சூழ்ச்சி. நார்வே மக்களின் விருப்பமென்று எப்படி நம்புவது என்று அங்கே கேட்டார்கள். ஸ்டாக்ஹோமில் கூடிய பார்லிமெண்டு, ஜூலை இறுதியில் ஒரு நிபந்தனை விதித்தது: நார்வேயில் புதுத் தேர்தல் நடத்த வேண்டும், அல்லது மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அதன் பிறகே பேச்சு. இந்த நிபந்தனை வரப்போவதை மிக்கெல்சன் முன்னரே உணர்ந்துகொண்டார். அது முறைப்படி வெளிவருமுன், ஜூலை 27-ஆம் நாள், நார்வே அரசு தானாகவே வாக்கெடுப்பை அறிவித்துவிட்டது. ஒரு நாள் தாமதித்திருந்தால் ஸ்வீடனின் கட்டளைக்குப் பணிந்து நடத்திய வாக்கெடுப்பாக அது தோன்றியிருக்கும். முந்திக்கொண்டதனால் தன் மக்களைத் தானே கேட்கும் அரசாக நார்வே நின்றது.

அறிவிப்புக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே இருந்தவை பதினேழே நாட்கள். பதினேழு நாட்களில் ஒரு நாட்டின் மனத்தைத் திரட்ட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, நார்வே அதைப் பதினேழு நாட்களில் செய்யவுமில்லை. விதை பல ஆண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. மே 17-ஆம் நாளை அந்நாட்டார் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடி வந்தார்கள். குழந்தைகள் கொடியேந்தி ஊர்வலம் செல்வது அவ்விழாவின் சிறப்பு. இப்சன் நாடகங்களாலும், கிரீக் இசையாலும், பியோர்ன்சன் கவிதைகளாலும் நார்வேயின் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. கொடியின் வரலாறும் சுவையானது. நார்வேக் கொடியின் மூலையில் இணைப்பின் சின்னம் ஒன்று பல நிறத் துண்டுகளாகப் பொறிக்கப்பட்டிருந்தது. மக்கள் அதை 'மீன் கலவை' என்று தங்கள் ஊர் உணவொன்றின் பெயரால் கேலி செய்தார்கள். அதை வணிகக் கொடியிலிருந்து நீக்கும் சட்டத்தை மன்னர் மறுக்க மறுக்க ஸ்டோர்ட்டிங் மீண்டும் மீண்டும் நிறைவேற்றி, 1898-இல் வெற்றி கண்டது. அதே ஆண்டில் ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. கருத்தைச் சொல்லும் உரிமையை முன்பே பெற்றுப் பழகியிருந்த மக்களிடம்தான் 1905-இல் கேள்வி கேட்கப்பட்டது. இது முக்கியமானது.

பதினேழு நாட்களில் நடந்தது, முன்னரே கனிந்திருந்த எண்ணத்தை வாக்குச் சாவடிவரை கொண்டு சேர்த்த பணியாகும். செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதின. ஜூன் 7 என்ற தேதியையும் தூய நார்வேக் கொடியையும் அச்சிட்ட அஞ்சலட்டைகள் வீடுகளுக்குச் சென்றன. நார்வேயின் நாட்டுப் பண், பியோர்ன்சன் இயற்றியது. அதன் முதற் சொல்லே 'ஆம்' என்பது! பள்ளிப் பருவத்திலிருந்து ஒவ்வொருவரும் பாடிய பாட்டின் முதற் சொல்லே இப்போது வாக்குச் சீட்டின் சொல்லாயிற்று. கேள்வி அமைந்த முறையையும் நோக்குங்கள். 'பிரிய வேண்டுமா?' என்று கேட்கவில்லை. 'நடந்து முடிந்த பிரிவினை ஏற்கின்றீர்களா?' என்றே கேட்டார்கள். 'இல்லை' என்பவன் தன் பார்லிமெண்டு ஒருமனதாகச் செய்ததைக் கைவிடுகிறவன் ஆகிறான். இது தந்திரமா என்றால், ஓரளவு தந்திரமே. வரலாறு பயில்வோர் அதை மறைத்தல் கூடாது.

உள்நாட்டு ஆதரவு மட்டும் போதாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். வடதுருவப் பயணத்தால் உலகப் புகழ் பெற்ற நான்சன், அவ்வாண்டு தொடக்கத்திலிருந்தே எழுத்துப் பணியில் இறங்கினார். இலண்டன் 'டைம்ஸ்' போன்ற அயல்நாட்டு ஏடுகளில் நார்வேயின் வழக்கை எடுத்துரைத்தார், நூலொன்றும் எழுதினார். பனிப்பாறைகளுக்கிடையே உயிரைப் பணயம் வைத்த ஒருவர், நிதானமான மொழியில் சட்ட நுணுக்கங்களை விளக்கியபோது உலகம் செவி சாய்த்தது.

இனி, இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். வாக்களிக்கும் உரிமை இருபத்தைந்து வயது நிரம்பிய ஆடவர்க்கே இருந்தது. நாட்டின் எதிர்காலம் பற்றிய கேள்வியில் பாதி நாட்டுக்கு வாயில்லை. பெண்கள் சங்கங்கள், தங்களுக்கும் இந்த ஒரு வாக்கெடுப்பில் இடம் வேண்டுமென்று கேட்டன, கிடைக்கவில்லை. அவர்கள் சோர்ந்து அமரவில்லை, சாபமிடவும் இல்லை. ஃபிரெட்ரிக்கே மாரி க்வாம் என்ற அம்மையார், பெண் வாக்குரிமைச் சங்கத்தையும், போர் நேர்ந்தால் மருத்துவ உதவி செய்யும்பொருட்டு 1896-இல் தோன்றிய பெண்கள் சங்கத்தையும் தலைமை தாங்கி நடத்தி வந்தவர். அந்தச் சங்கங்களின் கிளைகள் நாடெங்கும் பரவியிருந்தன. அவற்றின் வாயிலாக, ஆடவர் வாக்களித்த அந்த ஆகஸ்டு மாதத்தில் பெண்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். ஏறத்தாழ 23 இலட்சம் மக்களே வாழ்ந்த நாட்டில், சில வாரங்களுக்குள் 2,44,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கையொப்பமிட்டார்கள். அது சட்டப்படி வாக்காகாது. ஆனால் அந்தக் கையெழுத்துத் தாள்கள் ஸ்டோர்ட்டிங்கில் வைக்கப்பட்டபோது அவற்றைக் காணாதிருக்க யாராலும் முடியவில்லை. மலைச்சரிவிலும் தீவுகளிலும் தனித்தனியே கிடந்த வீடுகளுக்குத் தாளும் மையும் கொண்டு போனவர்களை நினைத்துப் பாருங்கள். உரிமையில்லாதவர் கடமையைச் செய்த காட்சி அது.

ஆகஸ்டு 13 ஞாயிற்றுக்கிழமை. பல ஊர்களில் தேவாலயங்களே வாக்குச் சாவடிகளாயின. வாக்களிக்கத் தகுதி பெற்றவருள் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். செல்லாத வாக்குகள் மூவாயிரத்துச் சொச்சம். செல்லுபடியான வாக்குகளில் எதிர் வாக்குகள், நாம் முன்னே கண்டபடி, 184.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். இந்த ஒருமைப்பாடு உண்மையானதா? அண்டை வீட்டான் என்ன நினைப்பானோ என்ற கூச்சத்தால் வாய்மூடியவர் ஒருவரும் இல்லையென்று நான் கூற மாட்டேன். நாடெங்கும் கொடி பறக்கும் வேளையில் 'இல்லை' என்று எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்த 184 பேரைத் துரோகிகள் என்று எண்ணாமல், எண்ணிக்கையில் சேர்த்து, கூட்டாமலும் குறைக்காமலும் வெளியிட்டதே அந்த அரசுக்குப் பெருமை. ஆனால் இது மட்டும் போதிய சான்றாகாது. நான் காட்டும் சான்று மூன்று மாதம் கழித்து வருகிறது.

ஸ்வீடன் அரச குடும்பம் இளவரசரைத் தர இணங்கவில்லை. டென்மார்க்கு இளவரசர் கார்ல் என்பவரை மன்னராக அழைக்க நார்வே அரசு விரும்பியது. குடியரசு வேண்டுவோர் பலர் இருப்பதை அறிந்த அவர், மக்களின் கருத்தை அறியாமல் முடியை ஏற்பதற்கில்லை என்றார். நவம்பர் 12, 13 தேதிகளில் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. அதே மக்கள், அதே அரசு, அதே சாவடிகள். அரசு விரும்பிய விடை 'ஆம்' என்பதே. ஆயினும் விளைவு என்ன? 'ஆம்' என்றவர் 2,59,563. 'இல்லை' என்றவர் 69,264. ஆகஸ்டில் 184-ஆக இருந்த 'இல்லை' நவம்பரில் ஏறக்குறைய எழுபதாயிரமாகிவிட்டது! நிதி மந்திரி குன்னார் க்னூட்சன் குடியரசுக் கொள்கையர். மன்னராட்சிக்கு உடன்படாமல் மந்திரி சபையிலிருந்தே விலகினார். அவர் ஒதுக்கப்பட்டாரா? இல்லை, 1908-இல் பிரதம மந்திரியே ஆனார். 'இல்லை' என்று சொல்லத் தெரிந்த மக்கள், சொல்ல இடமிருந்த நாட்டில், ஆகஸ்டில் 'ஆம்' என்றார்கள். ஆகவேதான் அந்த 'ஆம்' மதிப்புடையதாகிறது. ஆகஸ்டு வாக்குக்கு நவம்பர் வாக்கே சாட்சி.

இடையே இரு நாடுகளும் போரின் விளிம்புவரை சென்றன என்பதையும் மறக்கலாகாது. செப்டம்பரில் ஸ்வீடன் நாட்டுக் கார்ல்ஸ்டாட் நகரில் பேச்சு நடந்தபோது எல்லையில் படைகள் நின்றன. எல்லைக் கோட்டைகளை இடிக்க நார்வே இணங்க வேண்டியதாயிற்று. அது கசப்பான மருந்து. உடன்படிக்கை ஸ்டோர்ட்டிங்கில் வந்தபோது 16 உறுப்பினர் எதிர்த்தே வாக்களித்தனர். ஸ்வீடனிலோ, பிராண்டிங் தலைமையில் இருந்த தொழிலாளர் கட்சியினர், அண்டை நாட்டின்மேல் படையெடுப்பதை வன்மையாக எதிர்த்தார்கள். 3,68,208 என்ற எண் பேச்சு மேசையில் படைபலத்துக்கு நிகராக நின்றது. இத்தனை பேரைப் போரால் அடக்கி, இணைப்பென்று எதைக் காக்கப் போகிறோம் என்ற கேள்விக்கு ஸ்வீடனில் விடையில்லை. அக்டோபர் 26-ஆம் நாள் மன்னர் ஆஸ்கார் நார்வே முடியைத் துறந்தார். நவம்பர் இறுதியில் இளவரசர் கார்ல், ஹாகோன் என்ற பழம்பெயர் பூண்டு, தலைநகரில் வந்திறங்கினார். தொண்ணூற்றோராண்டு இணைப்பு, போரில்லாமலே முடிந்தது.

கையொப்பமிட்ட பெண்கள் என்ன பெற்றார்கள்? உடனே ஒன்றும் பெறவில்லை. 1907-இல் ஒரு பகுதியினர்க்கு வாக்குரிமை வந்தது. 1913-ஆம் ஆண்டில் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கும் தீர்மானம் ஸ்டோர்ட்டிங்கில் ஒருமனதாக நிறைவேறியது. 1905-இல் தாள்களில் கண்ட கையெழுத்துக்கள் அதற்குக் காரணங்களுள் ஒன்று என்பது என் துணிபு. நாட்டின்மேல் அக்கறையில்லாதவர் என்று அவர்களை ஒதுக்கும் வாதம் அன்றே ஓய்ந்துவிட்டது.

மாணவ நண்பர்களே, எங்கேனும் ஒரு வாக்கெடுப்பின் முடிவைப் படிக்கும்போது 'ஆம்' எத்தனை என்று மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். கேள்வியை யார் எழுதினார்கள் என்று பாருங்கள். கேட்கப்படாதவர் யார் என்று பாருங்கள். 'இல்லை' என்றவன் மறுநாள் தன் வேலைக்கு அச்சமின்றிப் போக முடிந்ததா என்று பாருங்கள். அடுத்த வாக்கெடுப்பில் அந்த மக்களால் வேறு விடை சொல்ல முடிந்ததா என்றும் பாருங்கள். நார்வேயை இந்தக் கேள்விகளால் சோதித்தால், பெண்களை விட்ட குறை தெரிகிறது. கேள்வியில் இருந்த தந்திரம் தெரிகிறது. அவற்றுக்கு அப்பால், அச்சமின்றி ஒன்றுபட்ட ஒரு மக்களினமும் தெரிகிறது.

அன்று வகுப்பில் கேள்வி கேட்ட மாணவிக்கு நான் சொன்ன விடையும் இதுதான். "அம்மா, அந்த 184 பேரும் தங்கள் ஊரில் நிம்மதியாக வாழ முடிந்ததனால்தான் மற்ற 3,68,208 பேரின் சொல்லை நாம் நம்புகிறோம்" என்றேன். அவள் சிறிது நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் குறிப்பேட்டில் முதலில் 184 என்று எழுதி, அதன் கீழே மற்ற எண்ணை எழுதிக்கொண்டாள்.